மிட்டாய் எந்திரம் வைக்கப் போகிறவருக்கு

எங்கள் பக்கத்து வீட்டு முத்துகிருஷ்ணன் சார் வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கிய கையோடு மூன்று மிட்டாய் எந்திரங்களுக்குச் சொல்லிவைத்துவிட்டார். கைபேசியைக் காட்டினால் காசை எடுத்துக்கொண்டு மிட்டாயைத் தள்ளும் புது மாதிரி எந்திரம். "வச்சுட்டு வந்துட்டாப் போதும்க்கா. நாம தூங்குனாலும் அது சம்பாதிக்கும்" என்றார். எனக்கு வந்த சிரிப்பில் வாயிலிருந்த காப்பி அவர் வேட்டியில் தெறித்துவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சிரிக்காம, தெரிஞ்சதை எழுதிக் குடுங்க" என்று மட்டும் கேட்டார். வேட்டிக்கு நஷ்ட ஈடாக இதை எழுதுகிறேன்.

நான் பேச்சியம்மாள். பதினான்கு வருடம் மிட்டாய் எந்திரங்களுக்கு ஊழியம் செய்தவள். தொண்ணூறுகளின் நடுவில் மதுரையில் ஒரு தையல் மிஷின் பழுது பார்க்கும் கடையில் வேலையில் இருந்தேன். என்னைக் கட்டியவர் திருப்பூருக்குப் போகிறேன் என்று போனவர், இன்னும் போய்க்கொண்டே இருக்கிறார். ஒருநாள் மகால் பக்கத்திலிருந்து லீலாபாய் என்ற அம்மா ஆட்டோவில் ஒரு சாமானை ஏற்றிக்கொண்டு வந்தார். இரும்புக் கம்பத்தின் உச்சியில் கண்ணாடி உருண்டை, அதற்குக் கீழே ஒரு கைப்பிடி. பம்பாயில் கடையை மூடிய யாரிடமோ பன்னிரண்டு எந்திரங்களை மொத்தமாக வாங்கிவிட்டாராம். பன்னிரண்டையும் பூட்டி அனுப்பிய மனிதர் சாவியை அனுப்ப மறந்துவிட்டார். நான் ஒரு திருப்புளியாலும் என் கொண்டை ஊசியாலும் அதைத் திறந்தேன். அந்த அம்மா எந்திரத்தைப் பார்க்கவில்லை, கொண்டை ஊசியைப் பார்த்தார். "நாளைலருந்து எங்கிட்ட வந்துரு" என்றார்.

பயிற்சி மூன்று நாள். காசைத் துவாரத்தில் செருகிக் கைப்பிடியைத் திருகினால் காசு ஒரு பல்லைத் தள்ளும், பல் ஒரு சக்கரத்தைத் தள்ளும், சக்கரத்தில் இருக்கும் குழியில் விழுந்த மிட்டாய் கீழே வரும். அவ்வளவுதான். தையல் மிஷினில் இதைவிட நூறு மடங்கு சூது இருக்கிறது. அப்போது இரண்டு வகை ஒற்றை ரூபாய்கள் புழக்கத்தில் இருந்தன. பழையது கொஞ்சம் பெரிது, துவாரத்தின் வாயிலேயே மாட்டிக்கொள்ளும். புதியது ஒழுங்காக உள்ளே போகும், வளைந்திருந்தால் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். மாட்டிய காசுக்கு மிட்டாய் வராது. திட்டு வரும். திட்டு வாங்குவது என் வேலையில் ஒரு பகுதி என்று லீலாபாய் முதல் நாளே சொல்லிவிட்டார்.

லீலாபாயின் வீட்டில் பரம்பரையாகச் சேலைக்குச் சாயம் போடும் தொழில். வீட்டுக்குள் அவர்கள் பேசுவது சௌராஷ்ட்ரம். கோபம் வந்தால் எந்திரத்தைச் சௌராஷ்ட்ரத்திலும் என்னைத் தமிழிலும் திட்டுவார். எந்திரத்துக்குத்தான் அதிகம் கிடைத்தது என்று குரலை வைத்துச் சொல்கிறேன். கொழுந்தன்மார் சாயப் பட்டறையைப் பார்த்துக்கொண்டார்கள். "இந்த வீட்டுல எல்லாரும் கலர் கலக்குறாக, நான் கலர வித்துப் பாக்குறேன்" என்று இந்தத் தொழிலில் இறங்கிவிட்டார்.

அவர் மிட்டாய் வாங்குகிற முறையை முத்துகிருஷ்ணன் சார் கவனிக்க வேண்டும். மொத்த வியாபாரி மாதிரிக்குக் கொஞ்சம் மிட்டாயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நிற்பார். லீலாபாய் வெள்ளை மல் துணியைச் சதுரமாகக் கிழித்து, தண்ணீரில் நனைத்துப் பிழிவார். நிறத்துக்கு ஐந்து மிட்டாய் எடுத்து ஒவ்வொரு துணியில் முடிச்சுப் போடுவார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம். அதுவரை வியாபாரியிடம் பேச மாட்டார், உட்காரவும் சொல்ல மாட்டார். பிறகு முடிச்சை அவிழ்த்து, துணியைச் சோப்பில்லாமல் பச்சைத் தண்ணீரில் அலசி, வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பிடிப்பார். கறை போயிருந்தால் மிட்டாய் தேறியது. கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் அந்த நிறம் அவ்வளவுதான்.

"அம்மா, மிட்டாயத் திங்கத்தான போறாக. கட்டிக்கிட்டுக் கோயிலுக்கா போறாக?" என்று அந்த வியாபாரி ஒருமுறை நொந்துபோய்க் கேட்டார்.

"சேலைல ஒட்டுற சாயத்த மிட்டாய்ல போடுறான் உங்க ஆளு. எங்களுக்கு வாசனைலயே தெரிஞ்சுரும். எடுத்துட்டுப் போங்க."

அப்படி அவர் கழித்துக்கட்டியது போக மிஞ்சியவை எல்லாம் வெளிறிய நிறங்கள். சிவப்பு ரோஜா நிறத்தில் இருக்கும், பச்சை பாசிப்பயறு மாதிரி இருக்கும். சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தால் நாக்கு பழைய நாக்காகிவிடும். விற்பனைக்கு இது நல்லதல்ல. நாக்கை நீட்டிக் காட்டுவதற்காகவே மிட்டாய் வாங்குகிறவர்கள் உண்டு. நான் இதைச் சொன்னபோது, "அவுக வேற எந்திரத்துக்குப் போகட்டும்" என்றார். மதுரை ஜில்லாவில் வேறு எந்திரம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது எறும்பு. இந்தத் தொழிலில் உண்மையான முதலாளி எறும்புதான். சோழவந்தானில் ஒரு டாக்டரின் காத்திருப்பு அறையில் வைத்த எந்திரத்தில் நாலாம் நாள் மிட்டாய்கள் நகர்ந்தன. எறும்புச் சாக்குக்கட்டியால் கோடு போடலாம் என்றேன். "விசத்துக்குப் பக்கத்துல தீனிய வைக்கவா?" என்று லீலாபாய் மறுத்துவிட்டார். அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி எந்திரத்தின் அடியை அதில் நிறுத்தினோம். சோழவந்தானில் அது பலித்தது. மேலூர் பேருந்து நிலையத்தில் ஆடுகள் வந்து தண்ணீரைக் குடித்துவிட்டு, நன்றியாகப் புழுக்கையும் போட்டுவிட்டுப் போயின. கம்பத்தில் கிரீஸ் தடவினேன். அதில் சாய்ந்து நின்ற ஒரு கல்யாண மாப்பிள்ளையின் பட்டு வேட்டியைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. கடைசியில் வேப்பெண்ணெயில் முக்கிய துணியைக் கம்பத்தில் இறுக்கிச் சுற்றியதும் எறும்பு திரும்பிப் போனது. வாரம் ஒருமுறை துணியை மாற்ற வேண்டும். தூங்கிக்கொண்டே அதை எப்படி மாற்றுவது என்று சார்தான் சொல்ல வேண்டும்.

வெயிலைப் பற்றி ஒரே வாக்கியம்: மேற்குப் பார்த்த சுவரோரம் எந்திரத்தை வைக்காதீர்கள். முதல் சித்திரையில் மேலூர் எந்திரத்தில் இருந்த மிட்டாய் முழுவதும் ஒரே மிட்டாயாகிவிட்டது. உடைப்பதற்குக் கல்குவாரிக்காரர் ஒருவரிடம் உளி கடன் வாங்கினேன்.

இடம் பிடிப்பதுதான் பெரிய வித்தை என்று நினைத்துப் பயந்துகொண்டிருந்தோம். கடைக்காரர்கள் துரத்துவார்கள் என்று எதிர்பார்த்தோம். அவர்களோ வாசலைக் கூட்டி இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். காரணம் பிறகுதான் புரிந்தது. அப்போது ஊரெங்கும் சில்லறைப் பஞ்சம். பாக்கி ஒரு ரூபாய் தர வேண்டிய கடைக்காரர்கள் இரண்டு மிட்டாயைக் கையில் திணித்து அனுப்புவார்கள். எங்கள் எந்திரமோ மிட்டாயைக் கொடுத்துவிட்டு ரூபாயாகச் சேர்த்துவைத்தது. நான் சாவி போடப் போகும் நாளில் கடைக்காரர் சில்லறை மாற்ற ரூபாய் நோட்டோடு காத்திருப்பார். மனிதர்கள் காத்திருக்கும் இடமாகப் பார்த்து வையுங்கள், ஓடும் இடத்தில் வைக்காதீர்கள் என்பது மட்டும் லீலாபாயின் விதி. டாக்டர் வீடு, முடிதிருத்தகம், ரேஷன் கடை, சைக்கிள் கடை. காத்திருக்கிற மனிதன் எதையாவது திருகத்தான் செய்வான்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஓர் ஊர். பெயர் வேண்டாம், அந்த ஊர்க்காரர்கள் இப்போது நல்லவர்களாக இருக்கிறார்கள். ஊருக்குக் கொஞ்சம் தள்ளி மெயின் ரோட்டில் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு சைக்கிள் கடை, அதன் வாசலில் எங்கள் எந்திரம். மூன்று வருடமாக நான் ரோட்டோடு மொபெட்டில் வந்து, மிட்டாயை நிரப்பிவிட்டு, ரோட்டோடு போய்விடுவேன். ஊருக்குள் போனதே இல்லை.

அன்று வழியில் பஞ்சர். வண்டியைப் பஞ்சர் கடையில் விட்டுவிட்டு, மிட்டாய்ப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஊருக்குள் புகுந்து குறுக்கே நடந்தேன். புழுதிக்காக முந்தானையால் மூக்குவரை மூடியிருந்தேன். பள்ளிக்கூடம் விடும் நேரம். அந்த மாதம் சுற்றுவட்டாரம் முழுக்கப் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருப்பதாகப் பேச்சு. நானும் கேட்டிருந்தேன். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்றால் மீசையோடு, சாக்குப் பையோடு, ஆண்பிள்ளையாக இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

குடத்தோடு வந்த ஒரு பெண் வழிமறித்தாள். "யாரு நீ? பையில என்ன?"

"மிட்டாய்" என்றேன்.

அந்த மாதத்தில், அந்தத் தெருவில், அந்த நேரத்தில் சொல்லக்கூடாத ஒரே சொல் அதுதான். குடம் கீழே விழுந்த சத்தம்தான் எனக்குத் தெரியும். அடுத்து என்னைச் சுற்றி ஊர் நின்றது. பையைப் பிடுங்கிக் கொட்டினார்கள். மிட்டாயோடு திருப்புளி விழுந்தது, குறடு விழுந்தது, பன்னிரண்டு எந்திரத்துக்கும் நான் செய்துவைத்திருந்த பன்னிரண்டு சாவிகள் விழுந்தன.

"எம்புட்டு வீட்டுச் சாவி வச்சிருக்கா பாருங்கய்யா."

"சைக்கிள் கடை மிட்டாய் மிசினுக்குச் சாவி போடுறவ நான். கடைக்காரரக் கேட்டுப் பாருங்க" என்றேன்.

"அவன் கல்யாணத்துக்குல்ல மேலூர் போயிருக்கான். அவன் இல்லாத நாளாப் பாத்து வந்திருக்கா."

கையில் ஸ்பேனர் வைத்திருந்த ஒருவன் என்னை அறைந்தான். காது ஊளையிட்டது. இரண்டாவது கை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மாட்டுக் கயிற்றால் என்னை விளக்குக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். அதுவரை எப்படியாவது பேசிப் புரியவைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். கயிறு இறுகியதும் அந்த நினைப்பு போய்விட்டது. செத்துப்போனால் தகவல் சொல்ல இவர்களுக்கு யாருடைய விலாசமும் தெரியாதே என்றுதான் தோன்றியது.

"மயக்க மருந்து வச்ச மிட்டாயா இல்லையான்னு அவளே தின்னு காட்டட்டும்" என்று யாரோ தீர்ப்புச் சொன்னார்கள். ஏழெட்டு மிட்டாயை மொத்தமாக வாயில் திணித்தார்கள். தின்றேன். தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தேன். நாக்கை நீட்டச் சொன்னார்கள். நீட்டினேன்.

"பாத்தீகளா. நம்ம கடை மிட்டாயத் தின்னா நாக்கு ரத்தமாச் செவக்கும். இவ நாக்கு செவக்கவே இல்ல. இதுல என்னமோ இருக்கு."

லீலாபாயின் மல் துணிப் பரீட்சை என்னைக் கொலைக் கம்பத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. மறுபடியும் திணித்தார்கள்.

அப்போதுதான் கூட்டத்தில் தவசி வாத்தியாரைப் பார்த்தேன். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். நான் சாவி போட வரும் நாளெல்லாம் சைக்கிள் கடையில் உட்கார்ந்திருப்பவர். "எனக்குச் சக்கரை இருக்கு தாயி. வீட்டுல தெரிஞ்சா அம்புட்டுத்தான்" என்று சொல்லிக்கொண்டே காசைப் போடுகிறவர். அந்த ஊரில் என் முகம் தெரிந்த மனிதர், சைக்கிள் கடைக்காரரை விட்டால் அவர் ஒருவர்தான். அவருக்கு முன்னால் அவர் மனைவி அழகம்மாள் இடுப்பில் கையை வைத்து நின்றார். வாத்தியார் என்னைப் பார்த்தார். பிறகு வேப்பமரத்தைப் பார்த்தார். பிறகு மனைவியின் கொண்டையைப் பார்த்தார். கூப்பிடலாம் என்றால் என் வாய் நிறைய மிட்டாய்.

ஸ்பேனர்காரன் மறுபடி கையை ஓங்கினான்.

"கயித்த அவுருங்கப்பா" என்றார் வாத்தியார். "அந்தப் பிள்ளைய எனக்குத் தெரியும். மிசினுக்குச் சாவி போடுற பிள்ளைதான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" கேட்டது ஸ்பேனர்காரன் அல்ல. அழகம்மாள்.

"நான் அங்கிட்டுப் போறதுண்டு."

"எதுக்கு?"

"பேப்பர் படிக்க."

"பேப்பர் நம்ம வீட்டுக்கு வருதே."

வாத்தியார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஊர் முழுக்க அவர் வாயையே பார்த்தது.

"மிட்டாய் வாங்க."

"எம்புட்டு நாளா?"

"மூணு வருசமா."

"தெனமுமா?"

"ஞாயித்துக்கிழமை கடை லீவு."

முதலில் சிரித்தது ஸ்பேனர்காரன்தான். அவனுக்கு அவர் கணக்குச் சொல்லிக்கொடுத்தவராம். ஒருவன் சிரித்ததும் கூட்டம் கலகலத்துவிட்டது. குற்றவாளி இடம் மாறிவிட்டதால் என்னை அவிழ்த்துவிட்டார்கள். அறைந்தவனே சோடா வாங்கிக் கொடுத்தான். அழகம்மாள் முன்னால் நடக்க, வாத்தியார் பின்னால் போனார். கோர்ட்டிலிருந்து போலீஸ் ஜெயிலுக்குக் கூட்டிப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், இதைவிடத் தெம்பாக நடப்பார்கள்.

மதுரைக்கு வந்ததும் சாவிக் கொத்தை லீலாபாய் முன் வைத்து, இனி வர மாட்டேன் என்றேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. என் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக் கன்னத்தைப் பார்த்தார், துணியைப் பார்க்கிற மாதிரியே. "நாளைக்கு நானும் வாரேன். போய்ட்டு வந்த பெறகு வேலைய விட்டு நின்னுக்க" என்றார்.

மறுநாள் பஸ்ஸில் போகும்போது ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "தப்பு என்னோடது பேச்சியம்மா. எந்திரத்த ஊருக்குக் காட்டுனேன். உன்னையக் காட்டல."

சைக்கிள் கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, அடித்தவனைக் கூப்பிடச் சொன்னார். அவன் நாலைந்து பேரோடு சண்டைக்குத் தயாராக வந்தான்.

"எந்தக் கையால அடிச்சீக தம்பி?"

அவன் யோசித்து வலது கையைக் காட்டினான். லீலாபாய் அந்தக் கையில் சாவியை வைத்தார். "தொறந்து நீங்களே மிட்டாயக் கொட்டுங்க. உள்ள என்ன இருக்குன்னு எல்லாரும் பாக்கட்டும். இனிமே எங்க பிள்ளை வார அன்னைக்கு நீங்க பக்கத்துல நிக்கணும். சந்தேகத்த அப்பவே கேட்டுருங்க. கையால கேக்காதீக."

அவன் திறந்தான். மிட்டாயில் பாதியைத் தரையில் கொட்டினான். "மன்னிச்சுக்கங்கக்கா" என்று என்னிடம் சொன்னபோது அவன் காது சிவந்திருந்தது. நான் மன்னித்தேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் வேலையை விடவில்லை. அந்த மாதம் பன்னிரண்டு இடத்துக்கும் லீலாபாய் என்னோடு வந்தார். ஒவ்வொரு ஊரிலும் தெருவில் நிறுத்தி, இவள்தான் எங்கள் ஆள் என்று சொன்னார். காவல் நிலையங்களில் கடிதம் கொடுத்தார். என் புகைப்படத்தைக் கண்ணாடி உருண்டைகளில் ஒட்டினார். காணாமல் போனவள் மாதிரி இருந்தேன், ஆனாலும் ஆள் அடையாளம் தெரிந்தது. தொழில் தொடங்குகிறவருக்கு என்னிடம் இருக்கும் பெரிய புத்தி இதுதான்: எந்திரத்துக்கு முன்னால் நீங்கள் போய் நில்லுங்கள்.

அவன் எந்திரத்தைத் திறந்த அன்று நாங்கள் கிளம்பும்போது அழகம்மாள் வந்துவிட்டார். "இத இன்னைக்கே பேத்து எடுத்துட்டுப் போயிரணும்" என்றார்.

"எடுத்துட்டா சார் டீக்கடை லட்டுக்குப் போவாரு" என்றார் லீலாபாய். "அங்க போயி நீங்க எண்ண முடியுமா? இங்கன்னா ஒரு காசுக்கு ஒண்ணுதான் வரும்."

அழகம்மாள் எந்திரத்தையும் டீக்கடையையும் மாறி மாறிப் பார்த்தார். வாதாடி, இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். விற்காத ஓர் இடத்திலிருந்து பெயர்த்து வந்து பக்கத்திலேயே இன்னோர் எந்திரம், அதில் வறுத்த பட்டாணி. பட்டாணித் தூள் சக்கரத்தில் அடைத்து என் உயிரை வாங்கியது. அரம் வைத்துக் குழியைப் பெரிதாக்கினேன். வாத்தியார் மருந்து குடிக்கிற முகத்தோடு பட்டாணி எந்திரத்தைத் திருகுவார். ஆனால் கடையில் காத்திருக்கும் பெரிய மனிதர்கள் எல்லாம் வெட்கமில்லாமல் அதைத் திருகினார்கள். ஒரு வருடத்துக்குள் எங்கள் எந்திரங்களில் பாதி பட்டாணிக்கு மாறிவிட்டது. அது தன் யோசனை என்று லீலாபாய் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

சில வருடம் கழித்து வாத்தியார் மாரடைப்பில் போய்விட்டார். சர்க்கரை கட்டுக்குள்தான் இருந்தது என்று டாக்டர் சொன்னதை அழகம்மாள் துட்டி கேட்க வந்த எல்லோரிடமும் சொன்னார்.

அடுத்த வருடம் நான் சாவி போடப் போன ஒரு காலையில் அழகம்மாள் மிட்டாய் எந்திரத்தின் முன் நின்றிருந்தார். முந்தானை முடிச்சில் ஒற்றை ரூபாய்கள்.

"நாளைக்கு அவுகளுக்கு வருசாந்திரம்" என்றார். "படையல்ல வைக்கணும். அவுகளுக்கு எந்தக் கலரு புடிக்கும்னு உனக்குத் தெரியுமா?"

"மஞ்ச. மஞ்ச வாரவரைக்கும் திருகுவாக."

"நாப்பது வருசமாச் சோறு போட்டேன். எனக்குத் தெரியலையே."

நான் சாவியை எடுத்தேன். "தொறந்து வேணுங்கிற மஞ்சளப் பெறக்கித் தாரேன்மா."

"வேணாம். அவுக எப்படி எடுத்தாகளோ அப்படியே எடுக்குறேன்."

முதலில் சிவப்பு வந்தது. பிறகு பச்சை. பிறகு மறுபடி சிவப்பு. வந்ததையெல்லாம் என் கையில் கொடுத்து, "தின்னு" என்றார். தானும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் மென்றுகொண்டே நின்றோம். ஆறோ ஏழோ திருகலுக்குப் பிறகு மஞ்சள் வந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முந்தானையில் முடிந்துகொண்டார்.

பிறகு இன்னொரு காசை எடுத்துத் துவாரத்தில் செருகினார்.

"ஒண்ணு வச்சாக் கோவிச்சுக்குவாக" என்றார். "அவுகளுக்கு எந்தக் காலத்துல ஒண்ணு பத்துச்சு?"